கடலோர மலைமுடிகள்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது நம் முன்னோர் மொழி. இது மாந்தர்க்கேயன்றி மலைகளுக்கும் பொருந்தும். பூகோளப் பாடத்தில் 20,000 அடி, 25,000 அடி உயர்ந்த மலைகளைப் பற்றிப் படித்து வியந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட மலைகளோ 1,600 அடியைக்கூட எட்டாதவை. ஆயினும், மலையில் நடப்பவன் தன் காலை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இவற்றைப்போல் தெளிவாக விடை கூறும் மலைகள் சிலவே.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கோடியில் மேய்ன் என்னும் மாநிலம் உள்ளது. அதன் அட்லாண்டிக் கரை நேர்க்கோடாக அமைந்ததன்று. எண்ணற்ற குடாக்களும் முனைகளும் தீவுகளுமாகக் கிழிந்த துணியின் ஓரம்போலக் காட்சி தரும். அத்தீவுகளுள் பெரியது மவுண்ட் டெசர்ட் தீவு. அக்கேடியா தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இத்தீவிலேயே அமைந்திருக்கிறது. இங்குள்ள காடிலாக் மலையின் உயரம் 1,530 அடி. அந்நாட்டின் அட்லாண்டிக் கரையோரத்தில் இதனினும் உயர்ந்த மலை இல்லை. சார்ஜெண்ட் மலை 1,373 அடி. டோர் மலை 1,270 அடி. பெமெட்டிக் மலை 1,248 அடி. இவ்வாறு பல குன்றுகள் அலைகளுக்கு அருகிலேயே தலை தூக்கி நிற்கின்றன.

இங்கே தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மக்கள் வபனாக்கியர். விடியல் நாட்டு மக்கள் என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் இத்தீவைப் பெமெட்டிக் என அழைத்தனர். மலைத்தொடர் என்பது அதன் பொருள். 1604-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சாம்பிளேன் என்ற பிரெஞ்சு மாலுமி இக்கரையோரமாக வந்தார். நீருக்குள் மறைந்திருந்த பாறையில் மோதி அவருடைய மரக்கலம் பழுதுற்றது. கடலிலிருந்து அவர் நோக்கியபோது மலைகளின் முடிகள் மரமின்றி மொட்டையாகத் தெரிந்தன. ஆகவே, வெறுமையான மலைகளின் தீவு என்று பொருள்படப் பிரெஞ்சு மொழியில் பெயரிட்டார். அப்பெயரே இன்று மவுண்ட் டெசர்ட் என வழங்குகிறது.

1,500 அடி உயரம் மரம் வளர்வதற்குத் தடையாகும் உயரமன்று. அவ்வாறிருக்க, அம்முடிகள் ஏன் மொட்டையாயின? விடை காண நாம் மிகப் பழங்காலத்துக்குச் செல்ல வேண்டும். இம்மலைகளின் கருங்கல் ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிய குழம்பாயிருந்து மெல்ல ஆறி இறுகியது. மேலே மூடியிருந்த பாறை நெடுங்காலம் தேய்ந்து நீங்கியபின் அது வெளிப்பட்டது. இளஞ்சிவப்பான படிகங்கள் கலந்திருப்பதால் இக்கருங்கல்லும் இளஞ்சிவப்பாகத் தோன்றுகிறது.

பிறகு பனியூழி வந்தது. ஒரு மைலுக்கும் மிகுந்த கனமுள்ள பனிப்பாளம் வடக்கிலிருந்து நகர்ந்து வந்து இந்நிலத்தை மூடிற்று. அன்று மலைகள் கிழக்கு மேற்காக ஒரே தொடராய் இருந்தன. அத்தொடரின் தாழ்ந்த இடங்கள் வழியே பனி புகுந்து, அவற்றை ஆழமாக அரித்து, தொடரைத் தனித்தனி மலைகளாக அறுத்துவிட்டது. இன்று மலைகளுக்கு இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்குகளும், ஜோர்டான் ஏரி போன்ற நீர்நிலைகளும் அப்பனி உழுத சால்களேயாம்.

பனி ஏறிய பக்கத்திலே பாறையைத் தேய்த்து வழுவழுப்பாக்கியது. இறங்கிய பக்கத்திலே பிளவுகளில் உறைந்து கற்களைப் பற்றிப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. ஆகவே வடசரிவு மெல்லச் சாய்ந்தும், தென்சரிவு படிபடியாக உடைந்து செங்குத்தாகவும் இருப்பதைப் பல குன்றுகளில் காணலாம். தேன்கூடு எனப் பொருள்படும் பீஹைவ் குன்று இதற்கு நல்ல சான்று. அதன் உயரம் 520 அடிதான். ஆயினும் கடலை நோக்கிய அதன் முகம் ஒரு சுவரைப்போல் நிற்கிறது. தென்பபிள் என்னும் சிறு குன்றின் விளிம்பிலோ ஒரு பெரும் பாறை, தள்ளினால் உருண்டுவிடும் என்று எண்ணும்படி அமர்ந்திருக்கிறது. அது அம்மலையின் கல்லன்று. ஏறத்தாழ 20 மைலுக்கு அப்பாலிருந்து பனி சுமந்து வந்து, உருகும்போது அங்கே இறக்கிவிட்டுச் சென்ற கல் அது.

ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியபோது முடிகளில் ஒரு பிடி மண்ணும் மிச்சமில்லை. வெறும் பாறையில் முதலில் கற்பாசி படிந்தது. அது மடிந்து, பாறைத் துகளோடு கலந்து, பிளவுகளில் சிறிது மண்ணாயிற்று. அம்மண்ணில் புல்லும், தரையோடு தரையாகப் படரும் குறுஞ்செடிகளும் வேர் கொண்டன. கடற்காற்றும் மழையும் அம்மண்ணை ஓயாமல் அரிப்பதால் அது தடித்துப் பெருகவில்லை. சாம்பிளேன் வெறுமை என்று கண்டது உண்மையில் வெறுமையன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு அங்கே விரற்கிடை ஆழத்தில் இருக்கிறது.

இனி, அம்மலைகளில் ஏறுவது எவ்வாறு என்று காண்போம். உள்நாட்டு மலைகள் பலவற்றில் அடிவாரமே கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான அடி உயர்ந்திருக்கும். இங்கோ அடிவாரம் கடலோரம். எனவே உயரம் சிறிதாயினும், ஏறக்குறைய அது முழுவதையும் காலால் ஏறியாக வேண்டும். சாம்பிளேன் மலையில் பிரெசிபைஸ் என்றொரு பாதை உண்டு. அது ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில் ஏறத்தாழ 1,000 அடி உயர்கிறது. பாறையில் அடித்திறுக்கிய இரும்புப் படிகளையும் பிடிகளையும் பற்றிக்கொண்டே அதில் ஏற வேண்டும். அதில் தவறி விழுந்து உயிர் நீத்தோரும் உண்டு. பீஹைவ், பிரெசிபைஸ் இரண்டிலும் ஏறியவர்கள் வந்த வழியே இறங்காமல் வேறு வழியாக இறங்குவதே முறை. ஏறும்போது கண் பிடியைக் காண்கிறது. இறங்கும்போதோ கால் தன் படியைத் தானே தடவித் தேட வேண்டியிருக்கிறது.

இன்று இப்பூங்காவில் 150 மைலுக்கு மேல் நடைபாதைகள் உள்ளன. அவற்றுட் பல 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடைக்கு வந்து தங்கியோரும் உள்ளூர்ச் சங்கங்களும் அமைத்தவை. கருங்கற்களைப் படிகளாக அடுக்கி மலைமுடிவரை கொண்டு சென்றிருக்கிறார்கள். அவர்களுள் வால்ட்ரன் பேட்ஸ் என்பார் ஓர் எளிய வழிகாட்டி அடையாளத்தை அமைத்தார். இரு கற்களைச் சற்றே இடைவெளி விட்டு வைத்து, அவற்றின்மேல் ஒரு தட்டைக் கல்லைக் குறுக்கே கிடத்தி, உச்சியில் ஒரு சிறு கல்லை வைப்பார். கீழுள்ள இடைவெளியும் மேலுள்ள கல்லும் பாதை செல்லும் திசையைக் காட்டும். மரமற்ற பாறைவெளியில் இக்கற்குவியலும், பாறையில் தீட்டிய நீலக் கோடுமே வழித்துணை.

இக்குவியல்களின் அருமை மூடுபனியில் விளங்கும். மேய்ன் வளைகுடாவின் நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பது. தெற்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்று அக்குளிர்நீரின்மேல் தவழும்போது, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மூடுபனியாகிறது. வெயில் எரித்துக்கொண்டிருந்த மலைமுடியைச் சில நிமிடங்களில் அது மூடிவிடும். தீவுகள் மறையும், கடல் மறையும், பத்தடிக்கு அப்பால் உள்ள விளிம்பும் மறையும். ஈரம்பட்ட கருங்கல்லும் அதன்மேல் படர்ந்த பாசியும் காலை வழுக்கும். அந்நேரத்தில் ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலைக் கண்ணால் கண்டபின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். காணாவிடில் நின்ற இடத்திலேயே பொறுத்திருக்க வேண்டும். பொழுதுபோக்காக ஒருவர் தாமாக ஒரு குவியலை அடுக்கினாலும், இருக்கும் குவியலின் ஒரு கல்லை நகர்த்தினாலும், மூடுபனியில் பின்னே வருபவர் விளிம்பை நோக்கி நடக்க நேரும். விளையாட்டாக வைத்த கல் வினையாக முடியும். அக்கற்களைத் தொடலாகாது என்ற விதி இதனால் ஏற்பட்டது.

பாதையை விட்டு விலகாதே என்பது நடப்பவனின் உயிரைக் காக்கும் விதி. அதுவே மலையின் உயிரையும் காக்கிறது. அண்மை ஆண்டுகளில் இப்பூங்காவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் வருகைகள் நிகழ்கின்றன. அவர்களுட் பலர் காடிலாக் முடியை நாடுகின்றனர். அங்கே 1883-ஆம் ஆண்டிலேயே பற்சக்கர ரயில் ஓடத் தொடங்கி, சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 1931-ஆம் ஆண்டில் மோட்டார்ச் சாலை அமைந்தது. அக்டோபர்த் தொடக்கம் முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை அந்நாட்டிலேயே முதன்முதலாக ஞாயிறு தோன்றும் இடம் இம்முடி என்பர். அத்திங்களில் கதிரவன் தென்கிழக்கே உதிப்பதால் இம்முடிக்கு அப்பெருமை வாய்க்கிறது. கோடையில் அவன் வடகிழக்கே உதிப்பதால், அது வடக்கேயுள்ள வேறிடங்களுக்குப் போய்விடுகிறது. விடியலைக் காண வந்த கூட்டம் பெருகவே, 2021-ஆம் ஆண்டு முதல் கோடைப் பருவத்தில் வண்டியில் மேலே செல்ல முன்பதிவு வேண்டும் என்றாயிற்று.

வெறும் பாறை எத்தனை ஆயிரம் கால்களையும் தாங்கும். பிளவிலுள்ள செடியோ சில மிதிகளைக்கூடத் தாங்காது. செடி மடிந்தால் வேர் விடும். வேர் விட்டால் மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போகும். மண் போனால் மறுபடியும் பனியூழியின் இறுதி நாள்போல் வெறும் பாறையே எஞ்சும். பழுதுற்ற இடங்களைக் காடிலாக் முடியில் தடுத்து வைத்து, மண் இட்டு, அம்மண்ணுக்குரிய செடிகளையே நட்டு வருகின்றனர். பெனாப்ஸ்காட் மலைமுடிக்கு வண்டிச் சாலை இல்லை. ஆகவே தொண்டர்கள் மண்ணைப் பைகளில் நிரப்பி முதுகிற் சுமந்து ஏறினர். கவனமற்ற கால்கள் கணப்பொழுதிற் கலைத்ததை, கவனமுள்ள கால்கள் சுமை தாங்கி மீண்டும் மேலேற்ற வேண்டியதாயிற்று.

செடியைப் போன்றே பறவைக்கும் அங்கே இடம் விட வேண்டியிருக்கிறது. பொரி வல்லூறு என்பது வானிலிருந்து மின்னலெனப் பாய்ந்து இரையைப் பற்றும் பறவை. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து இரையின் வழியே அதன் உடலிற் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்கும்போதே முட்டைகள் உடைந்தன. 1960-களின் நடுவிலே அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அவ்வினம் கூடு கட்டுவதே இல்லாமற் போயிற்று. 1972-ஆம் ஆண்டு அம்மருந்துக்குத் தடை வந்தது. 1984 முதல் 1986 வரை அக்கேடியாவில் வல்லூற்றுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பறக்கவிட்டனர். 1991-ஆம் ஆண்டு சாம்பிளேன் மலையின் செங்குத்துப் பாறையில் ஓர் இணை மீண்டும் கூடு கட்டியது. அது முதல் வசந்தத்தில் தொடங்கிக் கோடையின் பெரும்பகுதி வரை, குஞ்சுகள் பறக்கும் வரையில், பிரெசிபைஸ் பாதையை மூடிவைப்பது வழக்கம். நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள் அடிவாரத்திலுள்ள அறிவிப்பைக் கண்டு முகம் வாடுவதுண்டு. அவர்களுக்கு ஏற வேறு பாதைகள் பல உள. பறவைக்கு அப்பாறை விளிம்பே மனை.

இப்பூங்கா உருவானதும் விட்டுக்கொடுத்ததால்தான். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த சார்லஸ் எலியட்டும், ஜார்ஜ் டோரும், அவர்தம் நண்பர்களும் 1901-ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை நிறுவி, தனியார் நிலங்களைக் கொடையாகப் பெற்றுத் திரட்டினர். ராக்பெல்லர் 10,000 ஏக்கருக்கு மேல் வழங்கியதோடு, குதிரை வண்டிகளுக்காக ஏறத்தாழ 45 மைல் கற்சாலையும் அமைத்துத் தந்தார். 1916-ஆம் ஆண்டில் அரசு அந்நிலத்தை ஏற்றது. 1919-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1929-இல் அக்கேடியா என்னும் பெயர் பெற்றது. 1947-ஆம் ஆண்டு அக்டோபரில், நெடுநாள் வறட்சிக்குப்பின் எழுந்த பெருந்தீ தீவில் 17,000 ஏக்கருக்கு மேல் அழித்தது. ஊசியிலை மரங்கள் கரிந்த இடங்களில் பூர்ச்சமும் பிற இலையுதிர் மரங்களும் முளைத்து, இன்று இலையுதிர் காலத்தில் மலைச்சரிவுகளைப் பொன்னாக்குகின்றன. காலம் கொடுத்தால் காடு மீளும். ஆனால் முடியின் மண் மீள்வதற்குக் காட்டின் காலம் போதாது.

மாணவ நண்பர்களே, நீங்கள் அக்கேடியாவுக்குச் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். எந்த மலையில் ஏறினும் தண்ணீரும், காற்றைத் தாங்கும் மேலாடையும், இருட்டுமுன் இறங்குவதற்குப் போதிய நேரமும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி வந்தால் முடி எட்டிய தொலைவில் இருப்பினும் திரும்பத் துணியுங்கள். மலை நாளையும் அங்கேயே இருக்கும். முடியை அடைந்தபின் வானையும் கடலையும் நோக்குமுன் ஒருமுறை குனிந்து காலடியைப் பாருங்கள். பாறைமேல் நிற்கிறீர்களாயின், உங்களுக்கும் நலம், உங்களுக்குப் பின் வருவோருக்கும் நலம்.