வெள்ளியங்கிரி: ஏழு மலை இல்லை, பதினாலு மலை!



மாசி பிறந்துவிட்டால் நம்ம பக்கத்து பஸ்ஸிலெல்லாம் மூங்கில் தடியோடு ஆட்கள் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள். கோவையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் பூண்டி அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை தாண்டினால் உச்சியில் ஒரு குகைக்குள் சுயம்பு லிங்கமாக ஈசன் இருக்கிறார். இதைத் தென்கயிலாயம் என்று சொல்வார்கள்.

சிறுமிகளும் வயதான பெண்களும் மட்டும் மலை ஏறுவதுதான் பழைய வழக்கம். அதனால் நான் ஏறியதில்லை. ஆனால் எங்க அமுச்சி மூணு தடவை ஏறியிருக்காங்க. அப்பா வருஷா வருஷம் போவார். அவங்ககிட்ட கேட்டதையும் அறிவியல் பாடத்தில் படிச்சதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது போவார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஏன் இந்த மாதங்களில் மட்டும்?

வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற விடுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். பாறை வழுக்கும், மூடுபனியில் பாதை தெரியாது. மாசி, பங்குனி, சித்திரையில் பாறை காய்ந்திருக்கும். மகா சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் இந்த நாட்களில்தான் வரும். வெயிலுக்குப் பயந்து நிறைய பேர் ராத்திரியில் ஏறுவார்கள். பௌர்ணமி நிலவு அதற்கு உதவும்.

ஒரு சின்னக் கணக்கு

பாதையின் நீளம் ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். கேட்க லேசாகத்தான் இருக்கும். சமதரையில் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் அந்த 6 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 1,200 ÷ 3 = 400. அதாவது 400 மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் ஏறுவது போல! ஏறி இறங்க 8 முதல் 12 மணி நேரம் ஆகும்.

முதல் மலை முழுக்கக் கல் படிக்கட்டு. படி ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி, ஒரே அளவாக இருக்காது. முதல் மலை முடிவில் வெள்ளை விநாயகர் கோயில். பாதி பேர் இங்கேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை. நாலாவது, அஞ்சாவது மலையில் கொஞ்சம் சமமான பாதை. ஆனால் காற்று அடிக்கும். ஆறாவது மலையில் ஒரு அதிசயம். ஏறுவதற்குப் பதிலாக ஆண்டிச் சுனைக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கப்புறம் ஏழாவது மலை செங்குத்து.

ஆறாவது மலையில் இறங்கும்போது சந்தோஷமாக இருக்கும். திரும்பி வரும்போது அதே இறக்கம் ஏற்றமாக நிற்கும்! அமுச்சி சொல்வாங்க: "ஏழு மலைன்னு சொல்றவங்க பாதிதான் எண்ணியிருக்காங்க கண்ணு. போறதுக்கு ஏழு, வர்றதுக்கு ஏழு. மொத்தம் பதினாலு மலை."

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூச்சு: உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். திடமான ஆளுக்கு அது மட்டும் பெரிய கஷ்டம் தராது. ஆனால் படி ஏறும்போது தசைகள் அதிக ஆக்சிஜன் கேட்கும். இதயம் வேகமாகத் துடித்து ரத்தத்தை அனுப்பும். ஏற்கெனவே இதயத்தில் அடைப்பு இருப்பவருக்கு அங்கேதான் ஆபத்து.

குளிர்: 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்க்கும்போது மேலே 8 டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த சட்டையில் காற்று பட்டால் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அதனால் பையில் காய்ந்த சட்டை ஒன்று வேண்டும்.

முட்டி: "ஏறயில மூச்சு பேசும், எறங்கயில முட்டி பேசும்" என்பது அமுச்சியின் இன்னொரு வசனம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதில் தசைநார்களில் சின்னச் சின்னக் காயம் ஏற்படும். அதனால்தான் மலைக்குப் போய் வந்தவர்கள் மறுநாள் படி இறங்க முடியாமல் தவிக்கிறார்கள். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி அலங்காரத்துக்கு இல்லை. இறங்கும்போது தடியை முதலில் கீழே ஊன்றி, பிறகு காலை வைத்தால் முட்டிக்கு வரும் பாரத்தில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும்.

மறக்கக் கூடாத விஷயம்

2024-ஆம் ஆண்டு இந்த மலையில் பலர் இறந்துபோனதாகச் செய்தித்தாள்களில் வந்தது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றுதான் அதிகம் எழுதியிருந்தார்கள். இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் கேட்டுக்கொண்டது. மேலே ஆம்புலன்ஸ் வராது. ஆட்கள்தான் டோலி கட்டித் தூக்கிவர வேண்டும். நாம் ஏறும் ஒவ்வொரு படியும் நம்மைத் தூக்கி இறக்க வேண்டிய படி என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்க அப்பாவுக்குத் தை மாசம் ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். "வருஷம் தப்பாமப் போறவன், இந்த வருஷம் நின்னா சாமி கோவிச்சுக்கும்" என்று அப்பா ஒரே பிடிவாதம். அம்மா நாலு நாள் சரியாகவே சாப்பிடவில்லை. கடைசியில் டாக்டரிடம் கேட்டதற்கு, இந்த வருஷம் வேண்டாம், கொதிப்பு கட்டுக்குள் வந்தபிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முகமே இல்லை. அமுச்சிதான், "அடிவாரத்துல இருக்கறதும் அதே ஈசன்தானுங் மாப்பிள்ளை. அங்க கும்பிட்டுட்டு வாங்க" என்று சொன்னாங்க. அப்பா பதில் பேசவில்லை. ஆனால் சிவராத்திரிக்குப் பூண்டிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுக் காலையில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

போகிறவர்கள் செய்ய வேண்டியவை

1. ஒரு மாதம் முன்பே தினமும் நடக்க வேண்டும். வாரம் ஒரு நாள் மருதமலைப் படி ஏறி இறங்கிப் பழகலாம்.

2. தனியாகப் போகக் கூடாது. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

3. "ஓம் நமசிவாய" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "ஓம்" என்றதும் மூச்சு அறுந்தால் உட்கார வேண்டும். இது செலவில்லாத பரிசோதனை!

4. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்வையில் உப்பும் போய்விடும் என்பதால் எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீர் நல்லது. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் கனமில்லாத சாப்பாடு.

5. நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, உட்கார்ந்த பிறகும் அடங்காத இளைப்பு, இதில் ஒன்று வந்தாலும் மேலே ஒரு படிகூட ஏறக் கூடாது. உடனே உடன் வந்தவர்களிடம் சொல்ல வேண்டும்.

6. இது யானைகள் நடமாடும் காடு. பாதையை விட்டு விலகக் கூடாது. கோடையில் புல் காய்ந்திருப்பதால் ஒரு தீக்குச்சி போதும், மலையே எரிந்துவிடும்.

7. பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வரக் கூடாது. நம்ம நொய்யல் ஆறு பிறப்பது இந்த மலைகளில்தான். மேலே இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அங்கே போடும் குப்பை ஒருநாள் நம்ம வாய்க்காலுக்கே வரும்.

உச்சியைத் தொட்டதும் யாத்திரை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்போது ஏழு மலைதான் முடிந்திருக்கும், இன்னும் ஏழு மலை பாக்கி. உடம்பில் உள்ள பலத்தில் பாதியை அதற்கு மிச்சம் வைத்து ஏறுங்கள். முடியாவிட்டால் திரும்பிவிடுவதும் பாவமில்லை. மலை எங்கேயும் போகாது, அடுத்த மாசியிலும் அங்கேயேதான் இருக்கும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி