வயலுக்கு வேண்டிய துவக்கு, வீதிக்கு வேண்டாத துவக்கு

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி காலை நடந்த கொலையை நாடே பேசியது. பூஸா சிறையிலிருந்து பலத்த காவலுடன் கொண்டுவரப்பட்ட பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவ ஐந்தாம் இலக்க நீதவான் நீதிமன்றத்தில் கூண்டில் நின்றபோது, சட்டத்தரணி உடையில் வந்த ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். ரிவோல்வர் உள்ளே வந்த விதம்தான் எல்லோரையும் உலுக்கியது. தடித்த சட்டப் புத்தகமொன்றின் நடுப்பக்கங்களை ஆயுதத்தின் அளவுக்கு வெட்டியெடுத்து, அந்தக் குழிக்குள் அதை வைத்து மூடியிருந்தார்கள். கறுப்புக் கோட்டும் சட்டப் புத்தகமுமாக வருபவரை நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் அதுவரை இருக்கவில்லை.

அன்றே சந்தேக நபரை விசேட அதிரடிப் படையினர் மடக்கிப் பிடித்தார்கள். பிடித்த இடம் புத்தளம், பாலாவி. கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிக்குப் பிரியும் அந்தச் சந்தியை நம் கரையில் தெரியாதவர் இல்லை. தலைநகரத்துச் செய்தி ஒரே நாளில் ஊர்ச் செய்தி ஆகிவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 22 ஆம் திகதி வெலிகம பிரதேச சபையின் தவிசாளர் தம் அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இப்படி ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் இரண்டு குரல்கள் எழுகின்றன. பயமுள்ளவர்களுக்கெல்லாம் தற்காப்புக்குத் துவக்குக் கொடுங்கள் என்பது ஒன்று. பொதுமக்கள் கையிலுள்ள எல்லாத் துவக்குகளையும் வாங்கிப் பூட்டுங்கள் என்பது மற்றது. காட்டோரத்தில் சேனைப் பயிரும் கடலோரத்தில் இறால் பண்ணையும் வைத்து வாழும் புத்தளம் மாவட்டத்துக்கு இரண்டும் பொருந்தா. துவக்கை அதன் தேவையோடும் இடத்தோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். தேவை இருக்கும் இடத்தில் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். மக்கள் கூடும் இடத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த ஒழுங்கு முதலில் அரசின் ஆயுதக் களஞ்சியத்தில் தொடங்க வேண்டும்.

உரிமையா, அனுமதியா?

துவக்கு வைத்திருக்கும் உரிமை என்று ஒன்று இலங்கை அரசியலமைப்பில் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, தன் உடலையும் உடைமையையும் காக்க ஒருவர் செய்வதைக் குற்றமாகக் கொள்ளாது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஆயுதம் தா என்று அரசிடம் கேட்டு வாங்க அதில் இடமில்லை.

துவக்கைப் பற்றிய நம் அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். சிங்கள, முஸ்லிம் கலவரம் நாட்டைக் கலக்கியதற்கு அடுத்த ஆண்டு, ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது, அந்தப் பத்திரத்தை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்ற அதன் முதுகெலும்பு நூறாண்டு கடந்தும் மாறவில்லை. 1996 இல் வந்த திருத்தம் தானியங்கித் துவக்கைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை போனது.

நடைமுறையில் இரண்டு வாசல்கள் உள்ளன. பயிர்க் காவலுக்கான 12 போர் துவக்கு கேட்பவர் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், பிரதேச செயலகம் என்று ஏறி மாவட்டச் செயலாளரிடம் போக வேண்டும். தற்காப்புக்குப் பிஸ்டல் கேட்பவருக்குப் பாதுகாப்பு அமைச்சுதான் வாசல். இரண்டாவது வாசலால் போனவர்களில் பெரும்பாலானோர் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள். 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் 7 ஆம் திகதிக்கு முன் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி உத்தரவிட்டது. யாருக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது என்று மீளாய்வு செய்த பிறகே திருப்பித் தருவதாகச் சொன்னது. சரியான நடவடிக்கை. தற்காப்புக்கான துவக்கு அந்தஸ்தின் அடையாளமாக இடுப்பில் தொங்கக் கூடாது. ஆபத்து நீங்கியதும் அனுமதியும் நீங்க வேண்டும்.

காட்டோரத்துக் கதை

வண்ணாத்திவில்லு, எலுவன்குளம், கருவலகஸ்வெவ பக்கம் போனால் பேச்சே வேறு. வில்பத்துக் காட்டை ஒட்டிய அந்தக் கிராமங்களில் துவக்கு என்பது மண்வெட்டி, கத்தி வரிசையில் வரும் சாமான். சோளம் கதிர் விட்டால் காட்டுப்பன்றி வரும். நிலக்கடலைக்கு மயில் வரும். தென்னங்கன்றுக்கு யானை வரும். மரத்தின் மேல் கட்டிய காவல் குடிசையில் ரோர்ச் லைட்டோடும் யானை வெடியோடும் விடிய விடியக் கண்விழிக்கும் மனிதரிடம், துவக்குகளை எல்லாம் பூட்டிவிடுவோம் என்று கொழும்பிலிருந்து சொல்வது நியாயமாகாது. முறையான அனுமதிப்பத்திரத்தோடு, இலக்கமிட்ட துவக்கை ஆண்டுதோறும் கொண்டுபோய்க் காட்டிப் பதிவு புதுப்பிக்கும் விவசாயியால் சமூகத்துக்கு ஆபத்து மிகக் குறைவு.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முறையான வழி இழுபட்டால் சிலர் கட்டுத்துவக்குக்குப் போகிறார்கள். இரும்புக் குழாயொன்றைக் குழலாக்கி, பன்றியின் உடம்பு உயரத்துக்கு மரத்தோடு கட்டி, பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மருந்து இடித்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். கம்பியில் கால் படுவது பன்றியா மனிதரா என்று அந்தக் குழலுக்குத் தெரியாது. விடியற்காலையில் விறகுக்கும் தேனுக்கும் போனவர்களும், காணாமல் போன மாட்டைத் தேடிப் போனவர்களும் தொடையிலும் முழங்காலிலும் சன்னம் பாய்ந்து விழுந்த செய்திகள் நம் பத்திரிகைகளில் ஓய்வதில்லை. காட்டுக்குள் இரத்தம் வடியக் கிடந்து, ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே போனவர்கள் உண்டு.

யானைக்கும் இதே கதி. 12 போர் சன்னம் யானையை உடனே கொல்வது அரிது. தோலுக்குள் தங்கி, சீழ் பிடித்து, கால் வீங்கி, குளத்தங்கரையிலோ தென்னந்தோட்டத்திலோ பல நாள் அவதிப்பட்டுச் சாகிறது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 450 க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 150 க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். இரண்டு பக்கமும் இவ்வளவு இழப்பு இருக்கையில் இந்த மோதல் துவக்கால் தீராது என்பது தெளிவு. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் தயாரித்த தேசிய செயற்றிட்டம், கிராமத்தைச் சுற்றி நிரந்தர மின்வேலியும் வயலைச் சுற்றிப் பருவகால மின்வேலியும் போட்டு, ஊர்மக்களே பராமரிக்க வேண்டும் என்றது. வேலி வந்த ஊரில் துவக்கின் தேவை தானாகக் குறையும். வேலியும் தராமல், துவக்கும் தராமல் விட்டால் அந்த இடைவெளியில் கட்டுத்துவக்கு முளைக்கிறது.

காவலுக்குக் கொடுத்தது காவலோடு நிற்குமா?

தற்காப்புக்கு ஊரையே ஆயுதபாணியாக்கிப் பார்த்த அனுபவம் இந்த நாட்டுக்கு உண்டு. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். இன்று புத்தளம், கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலைப் பகுதிகளில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வரலாறு அந்த வள்ளங்களில் தொடங்குகிறது.

அந்தப் பயத்தில் ஊர்காவல் படைகளுக்குத் துவக்குகள் கொடுக்கப்பட்டன. எல்லைக் கிராமங்களில் சிங்களவர்கள் கையிலும் கிழக்கில் முஸ்லிம்கள் கையிலும் அவை போயின. பல ஊர்களை அவை காத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் கிழக்கில் அயல் தமிழ்க் கிராமங்கள் மீது நடந்த பழிவாங்கல்களிலும் ஊர்காவல் படையினரின் கை இருந்தது. நேற்று வரை ஒரே சந்தையில் மீனும் காய்கறியும் மாறிய அயலவர்கள் குழலின் இரு முனைகளில் நின்றார்கள். காவலுக்கென்று ஊருக்குள் இறங்கிய துவக்கு யார் பக்கம் திரும்பும் என்பதைக் கொடுத்தவரால் தீர்மானிக்க முடியவில்லை.

2019 நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு மன்னாரில் வாக்குப் பதிவு வைத்திருந்த முஸ்லிம்களை ஏற்றிய பஸ் அணி இரவோடிரவாகப் புறப்பட்டது. தந்திரிமலைப் பகுதியில் வீதியில் டயர் எரித்து வழிமறித்தார்கள், கல்லெறிந்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பஸ்களில் இருந்தவர்கள் போய் வாக்களித்தார்கள். ஆனால் அங்கே வெடித்த துவக்கு, நூற்றுக்கணக்கானோரின் வாக்குரிமையை அந்த இருட்டு வீதியில் நடுங்க வைத்தது. ஆயுதத்துக்கு உரிமை கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயுதமில்லாதவரின் எத்தனை உரிமைகளை ஓர் ஆயுதம் பறிக்கிறது!

கொண்டு போகக் கூடாத இடங்கள்

துவக்கு உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த அமெரிக்காவில்கூட இடக் கட்டுப்பாடு இருக்கிறது. நியூயோர்க்கில் பொது இடத்துக்குத் துவக்குக் கொண்டுபோக விசேட காரணம் காட்ட வேண்டும் என்றிருந்த சட்டத்தை, 2022 ஜூனில் புரூவன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதே தீர்ப்பு நீதிமன்றம், சட்டசபை, வாக்குச்சாவடி போன்ற இடங்களில் தடை விதிக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. அங்கு தடைக்கு அரசு காரணம் சொல்ல வேண்டும். இங்கு துவக்குக்கு மனிதர் காரணம் சொல்ல வேண்டும். நம்முடைய வழியே நமக்கு நல்லது. இந்தியாவில் கொடகு மலையின் கொடவர்களுக்குப் பரம்பரை வழக்கத்தை மதித்து அனுமதிப்பத்திர விலக்கு இருக்கிறது. பல இனங்கள் ஒன்றுக்கொன்று பயந்து வாழ்ந்த நம் கரைக்கு அத்தகைய விலக்கு ஆகாது.

இடத்தைப் பார்த்துத் தடுப்பது நமக்குப் புதிதுமில்லை. 1937 ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசிய பூங்காவுக்குள் துவக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. எலுவன்குளத்து விவசாயியின் கையிலுள்ள துவக்கு அனுமதி பெற்றதாக இருந்தாலும், அதோடு வில்பத்து எல்லையைத் தாண்ட அவருக்கு உரிமையில்லை. சிறுத்தைக்கும் கரடிக்கும் இவ்வளவு தெளிவாக எழுதிய எல்லையை மனிதர் கூடும் இடங்களுக்கும் எழுத வேண்டும். தலவில அன்னம்மாள் திருவிழா, உடப்பு திரௌபதி அம்மன் தீமிதி, பள்ளிவாசல் ஜும்ஆ, பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, பிரதேச சபை மண்டபம். இந்த இடங்களுக்குள் கடமையிலுள்ள காவலரைத் தவிர வேறு எவரும், எவ்வளவு பெரிய மனிதரானாலும், எந்த அனுமதிப்பத்திரம் வைத்திருந்தாலும் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சேர்ச் நகரில் 2019 மார்ச் 15 இல் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதும், ஒரு மாதம் முடியுமுன் அந்நாடு சட்டத்தை மாற்றி, பெரும்பாலான அரைத் தானியங்கித் துவக்குகளைத் தடைசெய்தது; பின்னர் அவற்றை மக்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. மனமிருந்தால் நாள் கணக்கில் முடியும் வேலை இது.

முதல் கணக்கு அரசினுடையது

விவசாயியின் 12 போரையும் வியாபாரியின் பிஸ்டலையும் எண்ணுவதோடு காரியம் முடியாது. பாதாள உலகக் கொலைகளில் திரும்பத் திரும்ப வருவது ரி-56 தானியங்கித் துவக்கு. அதை எந்தக் கமக்காரரும் அனுமதி பெற்று வாங்கவில்லை. 2025 பெப்ரவரி இறுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில், இராணுவ முகாமொன்றிலிருந்து மட்டும் 70 க்கும் மேற்பட்ட ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்துக்குப் போயிருக்கின்றன என்றார். அரசின் பூட்டுக்குள் இருந்து போனவை அவை.

அரசின் துவக்கு சட்டப்படி இருக்கும் இடத்திலும் கேள்வி உண்டு. 2012 பெப்ரவரி 15 இல், மண்ணெண்ணெய் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் வீதிக்கு வந்த மீனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு மீனவர் இறந்தார். எரிபொருள் இல்லாமல் வள்ளத்தைக் கடலில் இறக்க முடியாது என்று சொல்ல வந்தவருக்குக் கிடைத்த பதில் சன்னம். ஆர்ப்பாட்டக் களமும் மக்கள் கூடும் இடம்தான். உயிர் பறிக்கும் தோட்டாவோடு அங்கு யார் நிற்கலாம், யார் உத்தரவில் சுடலாம் என்பதற்கும் எல்லை வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. முகாம்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் உள்ள ஆயுதங்களின் கணக்கை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். பயிர்த் துவக்குக்கான விண்ணப்பத்துக்குக் கால எல்லை குறித்து, கொடுப்பதோ மறுப்பதோ அதற்குள் முடிய வேண்டும். மறுத்தால் மின்வேலிக்கு அந்த ஊர் முன்னுரிமை பெற வேண்டும். கட்டுத்துவக்கை ஒப்படைப்பவருக்குக் குறிப்பிட்ட காலம் மன்னிப்பும், அதற்குப் பின்னும் கட்டுபவருக்குத் தயவில்லாத தண்டனையும் வேண்டும். துவக்கு நுழையக் கூடாத இடங்களின் பட்டியலைச் சட்டத்தில் எழுத வேண்டும். எழுதியபடி வாசலில் எல்லோரையும் சோதிக்க வேண்டும்.

மின்வேலி முன்னுரிமையையும் விண்ணப்பக் கால எல்லையையும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலேயே எடுக்கலாம். மற்றவை பாராளுமன்றத்தின் வேலை. நம் மாவட்டப் பிரதிநிதிகள் தமக்கு மெய்க்காவலர் கேட்டு எழுதும் கடிதத்துக்கு முன், இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதட்டும்.