லெபனானியக் குடியேறிகளின் வேர்களைத் தேடல்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெபனான் மலையிலிருந்து கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அமெரிக்கா, பிரேசில், அர்கெந்தீனா, மெக்சிகோ, செனகல், ஆத்திரேலியா எனப் பல நாடுகளில் வாழ்கின்றனர். தங்கள் முன்னோரைத் தேடத் தொடங்கும் இவர்கள் முதலில் சந்திக்கும் சிக்கல், பழைய ஆவணங்களில் 'லெபனான்' என்ற சொல்லே பெரும்பாலும் இல்லை என்பதுதான். லெபனான் தனி அரசாக அறிவிக்கப்பட்டது 1920 செப்டம்பர் 1 அன்று. அதற்கு முன் புறப்பட்டவர்கள் உதுமானியப் பேரரசின் குடிமக்கள். ஆகவே அமெரிக்கப் பதிவுகளில் அவர்களின் நாடு 'ஆசியத் துருக்கி' என்றோ 'சிரியா' என்றோ காணப்படும். சிரியர் என்ற தனிப்பிரிவை அமெரிக்கக் குடிவரவுத் துறை 1899இல்தான் தொடங்கியது. இலத்தீன் அமெரிக்காவில் இவர்களை 'துர்க்கோ', அதாவது துருக்கியர், என்றே அழைத்தனர். துருக்கிய ஆட்சியை விட்டு வந்தவர்களுக்கு இப்பெயர் கசந்தது வியப்பல்ல.

புறப்பட்ட காரணங்கள்

1860இல் மரோனைட் கிறித்தவர்களுக்கும் துரூசுகளுக்கும் இடையே நடந்த படுகொலைகளே குடிபெயர்வுக்குக் காரணம் என்று பல குடும்பங்களில் சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. 1861இல் லெபனான் மலைக்குத் தனி நிருவாகம் ஏற்பட்டபின் அங்கு ஓரளவு அமைதி நிலவியது. பெருந்திரளான வெளியேற்றம் நடந்தது அதற்கும் பின்னர், 1880களில் தொடங்கித்தான். பொருளாதாரமே முதன்மைக் காரணமாகத் தெரிகிறது. மலைச்சரிவுகளின் படிக்கட்டு வயல்களில் முசுக்கொட்டை நட்டு, பட்டுப்புழு வளர்த்து, பட்டு நூலைப் பிரான்சின் லியோன் நகருக்கு விற்று வாழ்ந்த மக்கள் அவர்கள். சூயசு கால்வாய் 1869இல் திறந்தபின் சீன, சப்பானியப் பட்டு மலிவாக ஐரோப்பாவை அடைந்தது. விலை சரிந்தது, நிலமோ பிள்ளைகளுக்குள் துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டே போனது. 1909இல் கிறித்தவர்களுக்கும் கட்டாயப் படைச்சேவை விதிக்கப்பட்டதும் இளைஞர்களின் வெளியேற்றம் கூடியது. 1914க்குள் மலையின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறிவிட்டனர் என மதிப்பிடப்படுகிறது.

பெய்ரூத்திலிருந்து மார்செய், அங்கிருந்து தொடருந்தில் வடபிரான்சின் லு ஆவர் அல்லது செர்பூர் துறைமுகம், பின்பு அத்திலாந்திக் பெருங்கடல் என்பது வழக்கமான பாதைகளுள் ஒன்று. 1912இல் டைட்டானிக் கப்பலின் மூன்றாம் வகுப்பில் செர்பூரில் ஏறியவர்களில் பலர் இம்மலையூர்க்காரர்களே. கண்ணிமை நோயான டிரக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களை நியூயார்க்கில் திருப்பி அனுப்பினர். அவர்களுள் சிலர் வேறு நாடுகளுக்குச் சென்றனர். உடன்பிறந்தோர் வெவ்வேறு நாடுகளில் குடியேற இதுவும் ஒரு காரணம். பலர் பணம் சேர்த்து ஊர் திரும்பி, மீண்டும் புறப்பட்டனர். எனவே ஒரே ஆள் இரண்டு மூன்று கப்பல் பட்டியல்களில் இருக்கலாம். முதலில் கிடைத்த பதிவோடு தேடலை நிறுத்திவிடக்கூடாது.

பெயர்ச் சிக்கல்

தேடல் தடைபடுவது பெரும்பாலும் இங்கேதான். எல்லிசுத் தீவின் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. ஆனால் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்ட பட்டியலைச் சரிபார்த்ததுதான் அவர்களின் வேலை. பெயர்கள் மாறியது பெரும்பாலும் பின்னர், பள்ளியிலும் கடையிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும். தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கலீல் ஜிப்ரான் 1883இல் பிசாரியில் பிறந்து, 1895இல் தாயுடன் அமெரிக்கா வந்தவர். அவர் முழுப்பெயர் ஜிப்ரான் கலீல் ஜிப்ரான். நடுவில் உள்ள கலீல் தந்தையின் பெயர். பாசுடன் பள்ளியில் முதற்பெயர் விடுபட்டு, தந்தையின் பெயரே மகனின் பெயராயிற்று.

நடுப்பெயர் தந்தையுடையது என்ற இவ்வழக்கம் (நம் தலைப்பெழுத்தைப் போன்றது) தேடுவோருக்குப் பெரிய உதவி: ஒரு பதிவிலிருந்தே இரண்டு தலைமுறை கிடைக்கிறது. ஆனால் அந்நிய எழுத்தர்கள் அதைக் குடும்பப்பெயராக எண்ணியதும் உண்டு. மெக்சிகோவின் செல்வந்தர் கார்லோசு சிலிமின் தந்தை கலீல் சலீம் ஹத்தாத் என்ற பெயருடன் 1902இல் அந்நாட்டுக்கு வந்தார். அங்கே அவர் ஹூலியன் சிலிம் ஆனார். தொழிற்பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்டன: ஹத்தாத் என்றால் கொல்லர், ஆகவே 'சுமித்'. நஜ்ஜார் என்றால் தச்சர், ஆகவே 'கார்பென்டர்'. பாதிரியாரைக் குறிக்கும் கூரி, நாட்டுக்கு நாடு வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது.

எங்கே தேடுவது

வந்த நாட்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஊரின் பெயர் தெரியாமல் லெபனானில் தேடிப் பயனில்லை. அமெரிக்கக் கப்பல் பட்டியல்களில் 1907 முதல் பிறந்த ஊரும், சொந்த நாட்டிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் கேட்கப்பட்டன. 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களும் விரிவானவை. கல்லறைக் கல்லில் அரபு எழுத்து இருந்தால் அதை ஒளிப்படம் எடுத்து, அரபு அறிந்தவரிடம் காட்டுவது நல்லது. ஆங்கில ஆவணம் எதுவும் சொல்லாத ஊர்ப்பெயர் அதில் இருக்கக்கூடும். நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய 'கவ்கப் அமெரிக்கா' முதலான அரபு இதழ்களும், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைரல்லா மையத்தின் தொகுப்புகளும் பயன்படும்.

லெபனானில் குடிமைப்பதிவு ஊர், சமயப்பிரிவு, குடும்பப் பதிவெண் ஆகியவற்றின்படி வைக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயங்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளே துணை. உள்நாட்டுப் போரில் சில ஊர்களின் ஏடுகள் அழிந்தன. கடிதப் போக்குவரத்து 1915க்கும் 1918க்கும் இடையில் திடீரென அற்றுப்போயிருந்தால், அப்போதைய பெரும்பஞ்சத்தை நினைவில் கொள்ள வேண்டும். ஊரில் இருந்த குடும்பமே மடிந்திருக்கலாம்.

பலருக்கு இத்தேடல் குடியுரிமையோடும் தொடர்புடையது. 1921 கணக்கெடுப்பிலும் 1932ஆம் ஆண்டுக் குடிபெயர்ந்தோர் பதிவேடுகளிலும் முன்னோரின் பெயர் இருந்தால் வழித்தோன்றல்கள் உரிமை கோரலாம் என 2015இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது தந்தைவழிக்கு மட்டுமே. மணமான பெண்ணின் பதிவு கணவரின் ஏட்டுக்கு மாற்றப்படுவதால், பாட்டியைத் தேடுவோர் இரண்டு ஏடுகளைப் பார்க்க வேண்டும். அவ்வளவு தேடிக் கண்டுபிடித்தாலும், பாட்டியின் பெயர் அவர்களுக்குக் குடியுரிமை தராது.