ஹைட்ராடெனிடிஸ் சப்புரேட்டிவா புண்களில் பாக்டீரியாக்கள்

ஹைட்ராடெனிடிஸ் சப்புரேட்டிவா என்பது அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், மார்பகங்களின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் வலிமிகுந்த கட்டிகளையும் சீழ் வடியும் புரைகளையும் உண்டாக்கும் நாட்பட்ட தோல் அழற்சி நோய் ஆகும். இது பிறருக்குத் தொற்றுவதன்று. தூய்மைக் குறைவால் வருவதும் அன்று. நோயாளிகள் பலர் வெட்கத்தால் ஆண்டுக்கணக்கில் மருத்துவரை நாடுவதில்லை. இப்புண்களில் காணப்படும் பாக்டீரியாக்கள் நோயின் காரணமா, விளைவா என்பது நெடுநாளைய விவாதம்.

பெயர்

பிரெஞ்சு மருத்துவர் வெல்ப்போ 1839 இல் இந்நோயை விவரித்தார். 1854 இல் வெர்னோய் இதனை வியர்வைச் சுரப்பிகளுடன் தொடர்புபடுத்தியதால் பெயரும் அவ்வாறே அமைந்தது. இது பொருத்தமற்ற பெயர். மயிர்க்காலின் வாய் அடைபடுவதிலேயே நோய் தொடங்குகிறது என்பது இன்றைய கருத்து. அடைபட்ட மயிர்க்கால் வீங்கி உடைய, கெரட்டினும் பாக்டீரியாக்களும் உட்தோலில் சிதறி, கடும் அழற்சியைத் தூண்டுகின்றன.

மாதிரி எடுத்தல்

புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், நலமான தோலில் வாழும் பாக்டீரியாக்களே பெரும்பாலும் வளரும். சோதனையில் எதுவும் வளரவில்லை என்ற முடிவும் ஐயத்திற்குரியது; காற்றிலா உயிரிகள் ஆக்சிசன் பட்டால் மடிந்துவிடக்கூடும். எனவே அறுவைக்கு முன்போ அறுவையின்போதோ ஆழத்திலிருந்து எடுக்கும் மாதிரி கூடுதல் நம்பகமானது. 1999 இல் வெளியான ஓர் ஆய்வில், கார்பன் டை ஆக்சைடு லேசரால் திசுவைப் படிப்படியாக ஆவியாக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் மாதிரி எடுத்தனர். மேல்மட்ட உயிரிகள் கீழே கலப்பதை இம்முறை குறைத்தது. ஆழமான திசுக்களிலும் பாக்டீரியாக்கள் இருந்தன.

காணப்படும் இனங்கள்

2014 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவகைத் தொகுதிகளை விவரித்தனர். கணுக்களிலும் சீழ்க்கட்டிகளிலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ் முதன்மையாக இருந்தது (லியோன் நகரின் இலத்தீன் பெயரான லுக்டுனம் என்பதிலிருந்து வந்த பெயர் இது). நாட்பட்ட புண்களில் பிரிவோடெல்லா, போர்ஃபைரோமோனாஸ் போன்ற காற்றிலா உயிரிகள், ஆக்டினோமைசிஸ் இனங்கள் ஆகியன கலந்து காணப்பட்டன. பழைய புரைகளுக்குள் பாக்டீரியாக்கள் உயிரிப்படலமாகப் படிவதும் உண்டு. படலத்திற்குள் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் எளிதில் செயற்படா.

சிகிச்சை

கிளின்டாமைசின், ரிஃபாம்பிசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கடுமையான நோயில் அறுவைக்கு முன் சில வாரங்கள் எர்ட்டாபெனெம் மருந்தைச் சிரைவழி செலுத்துவோரும் உளர். பாக்டீரியாவைக் கொல்லாத, அழற்சியை மட்டும் அடக்கும் அடாலிமுமாப் 2015 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. எனினும் தோல் படலம் படர்ந்து நிலைபெற்ற புரைகள் மருந்தால் மறைவது அரிது. அவற்றை வெட்டி அகற்றவோ திறந்துவிடவோ வேண்டியுள்ளது.