கருத்துத் திருட்டும் அறிவிப்பாளர் தொடரும்

பிறர் எழுதியதைத் தன் எழுத்தாக முன்வைப்பதைக் கருத்துத் திருட்டு என்கிறது இன்றைய கல்வியுலகம். இக்குற்றத்தை நம் முன்னோர் முன்பே இனங்கண்டு பெயரும் இட்டிருந்தனர். பிறருடைய அறிவிப்பைத் தாமே கேட்டதாகச் சொன்னவரை ‘ஹதீஸைத் திருடுபவர்’ என்றே ஹதீஸ் கலை அறிஞர்கள் குறித்தனர். அவர் சொன்ன செய்தி உண்மையாக இருக்கலாம். ஆயினும் அதைப் பெற்ற வழியைப் பொய்யாக உரைத்ததால் அவர் நம்பகத்தை இழந்தார். சொல்லை அதற்குரியவருடன் சேர்த்தே எடுத்துரைப்பதை இமாம் குர்துபீ (ரஹ்) தம் தஃப்ஸீரின் முன்னுரையில் நிபந்தனையாகவே வைத்தார். ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் சுயூத்தீ (ரஹ்), நூலாசிரியரையும் திருடரையும் வேறுபடுத்தவென்றே ‘அல்ஃபாரிக்’ எனும் தனி ஏடு எழுதினார்.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென விதிகளை வகுத்தது. அவற்றின்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 40 வரை எனில் 6 மாதத்திற்குள் திருத்தி அளிக்க வேண்டும். 60 வரை எனில் ஓராண்டு தடை. அதற்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும்.

ஒப்புமையை அளப்பது கணினி மென்பொருள். அது காண்பது சொற்களின் ஒற்றுமையை மட்டுமே. அரபு நூலொன்றின் பத்தியைத் தமிழாக்கித் தனதென்று தருபவன் அதற்கு அகப்படுவது அரிது. 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், எவரும் எழுதாத கட்டுரையையும் மாணவன் நொடியில் பெற்றுவிடுகிறான். அதைக் கண்டறியும் கருவிகளோ நேர்மையாக எழுதியவனையும் சில வேளை குற்றவாளியாக்குகின்றன.

எனவே ஆசிரியர் நாட வேண்டியது முஹத்திஸ்களின் வழியை. பக்தாதில் அறிஞர்கள் நூறு ஹதீஸ்களின் தொடர்களை மாற்றிக் கோத்துப் பத்துப் பேர் மூலம் இமாம் புகாரீ (ரஹ்) அவர்களிடம் கேட்டனர். அவர்கள் ஒவ்வொன்றையும் அதனதன் தொடருடன் சேர்த்துத் திருத்திச் சொன்னார்கள் என்பது புகழ்பெற்ற வரலாறு. இம்முறையை வகுப்பறையிலும் கையாளலாம். மாணவன் அளித்த கட்டுரையில் சில வாக்கியங்களை இடம் மாற்றியும் சில கருத்துகளைத் திரித்தும் அவனிடமே தந்து, சரிசெய்யச் சொல்லலாம். உழைத்து எழுதியவன் பிழையை உடனே காண்பான். “இதை எங்கே படித்தாய்? எந்தப் பதிப்பு?” என்ற கேள்விகளும், குறிப்பேட்டையும் முதற்படியையும் கேட்டு வாங்கும் வழக்கமும் இதற்குத் துணை.

திருட்டைக் கண்டுபிடிப்பதைவிட அதற்கு இடமளிக்காதிருப்பது மேல். ‘தமிழில் அரபுச் சொற்கள்’ என்று பொதுவாகத் தலைப்பிட்டால் ஆயத்தக் கட்டுரைகள் வந்து குவியும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் மாணவர்களிடம், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் திருவொற்றியூர்க் கடைவீதியிலும் வழங்கும் அரபுச் சொற்களைக் கேட்டு, சொன்னவரின் தொழிலோடும் கேட்ட நாளோடும் எழுதிவரச் சொல்லலாம். ‘முஅல்லிம்’ ‘மாலுமி’யானதை அகராதியில் படிக்கலாம், அச்சொல் இன்று அங்கே யார் நாவில் உள்ளது என்பதைக் கேட்டே அறிய வேண்டும். அப்போது அவனும் ஓர் அறிவிப்பாளனாகிறான்.

இப்பகுதியில் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர் பலர். மேற்கோள் காட்டும் முறையை எவரும் கற்பிக்காததால் தவறுவோரும், வேண்டுமென்றே ஏமாற்றுவோரும் ஒன்றல்லர். செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதிருக்கவே அக்கட்டளை. கணினி தரும் விழுக்காடும் அத்தகைய ஒரு செய்தியே. மாணவனை அழைத்து அமரவைத்துக் கேட்ட பின்னரே ஆசிரியர் முடிவுக்கு வருதல் வேண்டும்.