ஒரு முட்டைக்குப் பின்னால் ஆறு மாதம்

ஜப்பானிய வீட்டுச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் பாராட்டுவது அதன் எளிமையை. சுடச்சுடச் சோறு, அதன்மேல் உடைத்து ஊற்றிய பச்சை முட்டை, கொஞ்சம் சோயா சாஸ். தமாகோ காகே கோஹான் என்ற காலை உணவு தயார். முட்டையை அடித்துச் சதுர வாணலியில் சுருட்டினால் தமாகோயாகி. கோழித்துண்டு, வெங்காயத்தோடு வேகவைத்துச் சோற்றின்மேல் கவிழ்த்தால் ஓயாகோதொன். கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் வைத்தால் சாவான்முஷி. மசாலா அரைக்கவோ, வெங்காயம் சிவக்க வதக்கவோ வேண்டாம். 'அவர்களைப் பாருங்கள், நாம் ஏன் அடுப்படியே கதியென்று கிடக்கிறோம்' என்ற பேச்சும் இதையொட்டி எழும். அந்தப் பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஜப்பானில் வேலை குறைந்துவிடவில்லை. பெரும்பகுதி வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. அதை யார் எங்கே செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் இந்த எளிமையின் கணக்கு பிடிபடும்.

முதலில் சுவையை எடுத்துக்கொள்வோம். பச்சை முட்டைச் சோற்றை விட்டுவிட்டால், மேலே சொன்ன மற்ற மூன்றிலும் முட்டையோடு பெரும்பாலும் சேர்வது தாஷி என்னும் தெளிந்த சாறு. கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியை நீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிட்டு, கட்சுவோபுஷி என்ற மீன் சீவலைப் போட்டு வடிகட்டினால் தாஷி. வீட்டில் கால் மணி நேர வேலை. ஆனால் அந்தச் சீவலுக்கான சூரை மீனை அவித்து, முள் நீக்கி, வாரக்கணக்கில் புகையூட்டி, பிறகு பூஞ்சை படரவிட்டு வெயிலில் காயவைப்பதை மாறி மாறிச் செய்வார்கள். உயர்ந்த ரகம் கட்டைபோல இறுகி வர ஆறு மாதம்வரை ஆகும். இலங்கைச் சமையலில் சேரும் மாசிக் கருவாடு இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் சூரையை அவித்துப் புகையூட்டி உலர்த்தியதுதான். கொம்பில் உள்ள குளூட்டமேட்தான் அதன் ருசிக்குக் காரணம் என்று 1908இல் வேதியியலாளர் கிகுனயே இகேதா கண்டறிந்தார். கட்சுவோபுஷியில் உள்ள இனோசினேட்டை 1913இல் ஷிந்தாரோ கொதாமா அடையாளம் கண்டார். இரண்டும் சேரும்போது ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. நாம் வெங்காயம் தக்காளியை வதக்கி வரவழைக்கும் ஆழம் அங்கே மீன்பிடி ஊர்களில் மாதக்கணக்கில் தயாராகி, பொட்டலமாக வீட்டுக்கு வருகிறது.

'இன்று பெரும்பாலோர் பொடியைத்தானே கரைக்கிறார்கள்?' என்று கேட்கலாம். உண்மைதான். அஜினோமோட்டோ நிறுவனத்தின் ஹோன்தாஷி 1970இல் வந்தபின் தாஷி என்பது ஒரு கரண்டிப் பொடி என்றே பல வீடுகளில் ஆகிவிட்டது. இதனால் என் வாதம் பலப்படுகிறதே தவிர, அடிபடவில்லை. மீதமிருந்த கால் மணி நேரமும் தொழிற்சாலைக்குப் போயிற்று, அவ்வளவே.

பச்சை முட்டைக்கும் இதே கதைதான். முட்டைச் சமையல் ஜப்பானில் பழையது. 1785இல் வெளிவந்த ஒரு சமையல் நூலில் முட்டைப் பண்டங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் உண்டு. ஆனால் எளியவர் தினமும் தொடக்கூடிய விலையில் முட்டை இல்லை. ‘எதோ’ எனப்படும் வரலாற்றுக் காலத்தின் கடைசியில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மொன் காசுக்கு விற்றபோது, அவித்த முட்டை ஒன்று 20 மொன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரும் பண்ணைகளும் இறக்குமதி மக்காச்சோளமும் வந்துதான் முட்டை மலிந்தது. பச்சையாகச் சாப்பிடும் துணிச்சலுக்குப் பின்னால் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. முட்டைகளைக் கழுவி, கிருமிநீக்கி, ஒளியில் வைத்து விரிசல் பார்த்துப் பொதியும் மையங்கள் நாடெங்கும் உள்ளன. சால்மோனெல்லா தொற்று மிகுந்ததால் 1990களின் இறுதியில் தேதி அச்சிடுவது கட்டாயமானது. அந்தத் தேதி, முட்டையைப் பச்சையாக உண்ணக்கூடிய கடைசி நாள். அது கடந்தால் நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத ஊரில் பச்சை முட்டையைச் சோற்றில் ஊற்றுவது, எளிமையை விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் இறக்குமதி செய்வது.

'எல்லாம் வெளியே நடந்தால் சமைக்கிறவருக்கு என்ன பெருமை?' என்பது அடுத்த மறுப்பு. சூடு அவர் கையில்தான் இருக்கிறது. அதை வேறு யாரும் செய்து தர முடியாது. மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் அருகில் கெட்டிப்படத் தொடங்கும். வெள்ளையின் முக்கியப் புரதம் முழுதாக இறுக 80 டிகிரி ஆகும். இந்த இடைவெளிக்குள்தான் ஜப்பானிய முட்டைச் சமையலின் நுட்பமெல்லாம் அடங்கும். சாவான்முஷியில் ஒரு பங்கு முட்டைக்கு மூன்று பங்கு தாஷி. நீர் தளதளவென்று கொதித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாகித் தண்ணீர் விடும். அதனால் தீயைத் தணித்து, மூடியைச் சற்றே விலக்கி வைப்பார்கள். ஓயாகோதொனுக்கு முட்டையை நுரைக்க அடிப்பதில்லை, வெள்ளையும் மஞ்சளும் தனித்தனிக் கோடாகத் தெரியும்படி நாலு சுற்றுத்தான். முக்கால்வாசியை ஊற்றி, ஓரம் திரண்டதும் மிச்சத்தை விட்டு, அடுப்பை அணைத்து மூடி, குழைவாக இருக்கும்போதே சோற்றின்மேல் இறக்குவார்கள். பொருள் குறைவாக இருப்பதால் பதம் தப்பினால் மறைக்கக் காரமும் இல்லை, புளியும் இல்லை.

இந்த மலிவுக்கு விலை கொடுப்பவை கோழிகள் என்ற குறையையும் ஒதுக்க முடியாது. பெரும்பாலான முட்டைக்கோழிகள் இன்னும் கூண்டில்தான் வளர்கின்றன. 2022-23 பறவைக்காய்ச்சலில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் அழிக்கப்பட்டு, விலை ஏறி, உணவகங்கள் முட்டைப் பண்டங்களை நிறுத்தின. வெளியே நடக்கும் வேலை நின்றால் வீட்டின் எளிமையும் நின்றுவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. இட்லிப் பானையில் மெல்லிய தீயில் ஒரு சாவான்முஷி செய்து பார்க்கலாம். சூட்டைக் கவனிக்கும் பழக்கம் எந்தச் சமையலுக்கும் உதவும். ஆனால் பத்து நிமிடச் சமையலைக் காட்டி, அரைத்தும் வதக்கியும் சமைக்கிறவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த வேலைக்கு ஈடானதை அங்கே ஒரு தொழிலே செய்து கொடுக்கிறது. இங்கே பெரும்பாலும் ஒருவரே செய்கிறார்.