ஏரி மீனுக்கு வெல்லப்பாகு

சென்னையில் கொஞ்சம் பெரிய ஓட்டலுக்குப் போனால் இப்போது மெனு அட்டையில் சால்மன் தவறாமல் இருக்கிறது. தோல் மொறுமொறுவென்று வறுபட்டு, இனிப்பும் உப்புமாக ஒரு பாகு பளபளக்க, ஒற்றைத் துண்டு தட்டின் நடுவில் வந்து உட்காரும். அது நம் கடல் மீன் அல்ல. பெரும்பாலும் நார்வே போன்ற குளிர்நாடுகளில், கடலுக்குள் வலைக்கூண்டு கட்டி வளர்த்து அனுப்புவது. உத்திரமேரூர்ப் பக்கம் மீன் கூடைகளில் அதைத் தேடி அலைவதில் பயனில்லை. அந்தச் சமையல் முறைக்கு வேண்டிய மற்றதெல்லாம் இங்கேயே கிடைக்கிறது: இரும்பு தோசைக்கல், வெல்லம், புளி, பூண்டு. மீனை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில், பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து சேரும் இடம் திருமுக்கூடல். ஆண்டில் பாதி நாளுக்கு மேல் இங்கே மணல்தான். 2021 நவம்பர் போல எப்போதாவது கரை தொட்டு வெள்ளம் வந்தால் ஆற்று மீன் கிடைக்கும். மற்றபடி இந்தப் பக்கத்து மீனெல்லாம் ஏரி மீன். ஏரிகளை மீன்பாசி குத்தகைக்கு ஏலம் விடுவார்கள். எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்ப்பார். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற வலை இறங்கும். ஏரியை ஊர் கூடி நிர்வகிப்பது இங்கே பழைய சங்கதி. உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் என்றால் குடவோலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஓலையில் பெயர் எழுதித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று.

ஏரியில் வளரும் மீனும் முழுக்க நம்மூர்க்காரர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் மீனியல் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, ஹார்மோன் ஊசி போட்டு வளர்ப்புக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதன் பிறகுதான் குஞ்சு தாராளமாகக் கிடைத்து, ஏரிக்கு ஏரி கட்லா பரவியது. அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து சுற்றிச் சுற்றி 1952இல் இந்தியா வந்தது. இவர்களையெல்லாம் குழம்பில் போட்டுப் பழகிய நாம், ஒரு சமையல் முறை வெளியிலிருந்து வந்தால் மட்டும் முகம் சுளிப்பானேன்?

இணையக் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்ற பெயரில் விற்பது நம் வங்கக் கடலின் காலா மீன். அருமையான மீன்தான், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேறு குடும்பம், வெள்ளைச் சதை. சால்மன் என்று நம்பி வாங்காமல் காலா என்றே வாங்கினால் ஏமாற்றம் இராது. காசிமேட்டிலோ கல்பாக்கம் பக்கத்துக் குப்பங்களிலோ நல்ல காலா கிடைத்தால், இந்தச் சமையலுக்கு அதைவிட வேறு வேண்டாம்.

சால்மன் தோசைக்கல்லில் அவ்வளவு அழகாக வருவதற்குக் காரணம் கொழுப்பு. வளர்ப்பு சால்மனில் நூறு கிராமுக்குப் பத்து கிராமுக்கு மேல் கொழுப்பு உண்டு. கல்லில் வைத்ததும் அது உருகித் தன்னைத் தானே வறுத்துக்கொள்ளும், இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றாலும் சதை வறண்டு போகாது. கட்லாவில் கொழுப்பு அதில் கால் பங்குகூடத் தேறாது. ஆகவே நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும், நேரத்தில் கறாராக இருக்க வேண்டும். கட்லாவில் வயிற்றுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். உள்ள கொழுப்பெல்லாம் அங்கேதான். முதுகுப் பக்கம் இழைபோன்ற முள் நிறைய. துண்டின் இரு புறமும் நெருக்கமாகக் கீறிவிட்டால் முள் துண்டுபட்டு, வறுக்கும்போது மொறுகிப் போகும்.

என் ஓட்டு விராலுக்கு. முள் குறைவு, சதை கெட்டி, கல்லில் உடையாது. தண்ணீருக்கு வெளியிலும் மூச்சு விடும் மீன் என்பதால் உயிரோடே விற்பார்கள். பழசோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. வழவழப்புப் போகக் கல்லுப்பும் சாம்பலும் போட்டுக் கல்லில் உரசிக் கழுவ வேண்டும். விற்கிற அம்மாவிடமே, “நடுமுள்ளை எடுத்து ரெண்டு பக்கமா பிளந்து குடும்மா, தோலை உரிச்சிடாதே” என்று சொன்னால் முடிந்தது. தோல் இல்லாவிட்டால் இந்தச் சமையலே இல்லை.

இனி பாகு. இனிப்பு, உப்பு, பளபளப்பு மூன்றும் சேர்ந்த மீன் என்றால் ஜப்பானியரின் தெரியாக்கி நினைவுக்கு வரும். சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சர்க்கரை, இவ்வளவுதான் அதன் சரக்கு. வெல்லப்பாகு நமக்குப் புதிதா என்ன? திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது, 1068ஐ ஒட்டியது. கோயிலில் இயங்கிய பள்ளியையும், பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும், அங்கே இருப்பு வைத்த மருந்துகளையும் அது பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று தசமூல அரீதகி. கடுக்காயும் பத்து வகை வேரும் சேர்த்து வெல்லப் பாகில் கிண்டுகிற லேகியம் அது. பாகு ஒரு நிமிடம் பிந்தினால் லேகியம் கல்லாகிவிடும், முந்தினால் பூசணம் பிடிக்கும். பதம் பார்க்கத் தெரிந்த கை இந்த ஊரில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது.

நாலு துண்டு மீனுக்குப் பொடித்த வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளி போதும். புளியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, வெல்லத்தையும் அதில் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். நாலு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு காய்ந்த மிளகாய் மூன்றையும் நசுக்கிப் போட்டு, உப்பு சேர்த்துச் சிறு தீயில் சுண்ட விடுங்கள். வீட்டில் சோயா சாஸ் இருந்தால் ஒரு கரண்டி விடலாம். விட்டால் உப்பைக் குறைக்க வேண்டும். கரண்டியின் முதுகில் படிந்து மெல்ல வழியும்போதே இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் வரை போக வேண்டாம், ஆறினால் இன்னும் இறுகும். புளிப்பு இருப்பதால் சர்க்கரை பூத்துப் போகாது. பனைவெல்லம் போட்டால் நிறம் அடர்ந்து, லேசான கசப்பு வரும். எனக்கு அது பிடிக்கும், வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

மீனுக்கு உப்பும் மஞ்சளும் தடவிக் கால் மணி நேரம் வைத்து, வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரத்தோல் கல்லில் ஒட்டிக் கிழியும். வறுவலுக்குப் போடுவதுபோல மிளகாய்த்தூள் மசாலாவை அப்ப வேண்டாம். தோல் மொறுகும் முன் தூள் கருகும். கல் நன்றாகக் காய்ந்து, தெளித்த தண்ணீர் உருண்டு ஓடும்போது எண்ணெய் விட்டு, தோல் கீழே இருக்கும்படி மீனை வைத்துத் தோசைத் திருப்பியால் அரை நிமிடம் அழுத்துங்கள். தோல் சுருண்டு மேலெழ விடக்கூடாது. அதற்குப் பிறகு தொடாதீர்கள். வறுபட்டதும் அதுவே கல்லை விட்டுக் கழன்று வரும், வராவிட்டால் இன்னும் ஆகவில்லை. வேகிற நேரத்தில் முக்கால் பங்கு தோல் பக்கமே போகட்டும். கட்லாவின் வளையத் துண்டு என்றால் இரு பக்கமும் சமமாக.

பாகு ஊற்றுவது கடைசியில்தான். சர்க்கரை 160 டிகிரிக்கு மேல் நிறம் மாறத் தொடங்கி, சீக்கிரமே கசக்கும். காய்ந்த தோசைக்கல்லோ இருநூறைச் சுலபமாகத் தாண்டும். மீனைப் பாகில் ஊற வைத்துவிட்டுக் கல்லில் போட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. அதனால் மீனைத் திருப்பிப் போட்டு, சதைப் பக்கம் வெளுத்ததும் மறுபடி தோல் கீழே வரத் திருப்பி, தீயை அடியோடு குறைத்து, பாகைச் சதையின் மேல் விட்டு, கல்லில் வழிந்ததைக் கரண்டியால் அள்ளி அள்ளி மேலே ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும். தட்டில் வைக்கும்போது தோல் மேலே இருக்கட்டும், பாகில் ஊறினால் மொறுமொறுப்பு போய்விடும்.

நார்வே மீனும் தமிழரும் அந்நியர் என்று சொல்லவும் முடியாது. 1956இல் நார்வே போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆன்டனி ராஜேந்திரம், அங்கே திரட்டிய உதவியோடு காரைநகரில் ‘சீ-நோர்’ என்ற மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கினார். அந்தத் திட்டத்தில் படகும் வலையும் தயாராயின. 1980களில் போரால் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலர் நார்வேயின் வட கோடியான பின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். உறைபனிக் குளிரில் மணிக்கணக்காக நின்று மீனைப் பிளந்து முள் எடுத்த கைகள் அவை.

விரால் பாகு வறுவலுக்குச் சுடுசோறும் மிளகு ரசமும் போதும். ரசத்தில் புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பாகில் ஏற்கெனவே இருக்கிறது. எலுமிச்சை பிழிவது அவரவர் விருப்பம். பாகு மிஞ்சினால் பாட்டிலில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். பொங்கலை ஒட்டிப் பாரிவேட்டைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளும் நாளில் எந்த வீட்டிலும் மீன் இராது. அன்றைக்கு அதே பாகைச் சேப்பங்கிழங்கு வறுவலில் ஊற்றலாம். பூண்டு சேராத வீடாக இருந்தால் அதை மட்டும் விட்டுவிட்டுக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.